பன்னிரண்டாவது கதை

அந்த லேப்டாப் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார ஆறு நிமிடம் ஆகும். அவள் கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறாள். பட்டனை அமுக்கிவிட்டு, டீ போட்டு, ஆற்றி, பாதி டம்ளர் குடித்த பிறகுதான் திரையில் சுற்றுகிற வட்டம் நிற்கும். அதுவரை உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். டிக்... டிக்... கிர்ர். யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல.

அவளுக்குப் பாடப்புத்தகங்களில் பிழை திருத்துகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் தொள்ளாயிரம் பக்கப் புத்தகத்தை அந்தக் கிழட்டு ஹார்ட் டிஸ்க் சுமக்க மாட்டேன் என்று இரண்டு வாரமாக அடம் பிடித்தது.

லேப்டாப் அவளுடையதும் அல்ல. அவள் கணவனின் முதல் மனைவியுடையது.

முதல் மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. கணவன் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவானாம். இன்றைக்கும் வீட்டில் அதுதான் பெயர். குருவி சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவள். டாக்டர் கையை விரித்து, தன் மகளும் தாயில்லாமல்தான் வளரப் போகிறாள் என்று தெரிந்ததும், அவள் அழுது தீர்க்கவில்லை. இந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து மகளுக்குக் கதை சொல்லிப் பதிவு செய்தாள். பதினொரு கதைகள். பன்னிரண்டாவதற்கு மூச்சு மிச்சமில்லை.

மகளுக்கு இப்போது எட்டு வயது. சில்லு என்று கூப்பிடுவார்கள். தினமும் மாலை ஆறு மணிக்குச் சில்லு மேஜையில் தலையைச் சாய்த்து, ஸ்பீக்கர் ஓட்டையில் காதை வைத்துக்கொண்டு ஒரு கதை கேட்பாள். எல்லாம் மனப்பாடம். அம்மா இருமுகிற இடத்தில் அவளும் இருமுவாள்.

இவளைச் சில்லு எப்படியுமே கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி ஒன்றரை வருடமாயிற்று. சித்தியும் கிடையாது, ஆன்ட்டியும் கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் ஃபிரிட்ஜைப் பார்த்து, "தண்ணி பாட்டில் எங்கேன்னு தெரியலை" என்பாள். ஃபிரிட்ஜ் பதில் சொல்லாது. இவள் சொல்வாள்.

சனிக்கிழமை காலை கணவன் சில்லுவை நீச்சல் போட்டிக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று, "டிஸ்க்கை மாத்து, சிஸ்டத்தை மாத்து, என்ன வேணா பண்ணு. அந்தப் பதினொண்ணு மட்டும் பத்திரம். வேற எங்கேயும் காப்பி இல்லை" என்றான்.

"இத்தனை நாள் ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?"

"அந்த ஃபோல்டரைத் தொட எனக்குக் கை வரலை" என்றான். அதற்கு மேல் என்ன கேட்பது?

சில்லு செருப்பு அலமாரியிடம் பேசினாள். "அம்மா கதைக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்த வீட்டுல யாரோடயும் நான் பேச மாட்டேன். எப்பவுமே."

பத்தரை மணிக்குக் கொழுந்தன் வந்தான். கணவனின் தம்பி, ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் அவன் பொறுப்பில் இருக்கிறது. தோளில் பை, வாய் நிறையப் பேச்சு. வந்ததும் நான்கு பென்டிரைவ்களை மேஜையில் துணிக்கடைக்காரர் தோரணையில் பரப்பினான்.

"கம்ப்யூட்டரை ஓட்டற சிஸ்டத்துல லினக்ஸ்ங்கறது ஒரே ஆள் இல்லை அண்ணி. ஒரு குடும்பம், ஏகப்பட்ட பிள்ளைங்க. இது உபுண்டு, ஊருக்கே செல்லப்பிள்ளை. இது ஃபெடோரா, புதுசு புதுசா ஏதாவது கேட்டுட்டே இருக்கும். இது ஆர்ச்."

"அது எப்படி?"

"செங்கல், மணல், சிமெண்ட் எல்லாம் இறக்கிட்டுப் போயிடுவாங்க. வீட்டை நீங்களே கட்டிக்கணும். கட்டி முடிச்சவன் பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் அதைச் சொல்லிட்டே திரிவான்."

"நீங்க எதை வெச்சிருக்கீங்க தம்பி?"

"ஆர்ச்தான்."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் அசடு வழிந்து, நான்காவதை நகர்த்தினான். "இது மின்ட். ஏற்கெனவே பழகின இடம் மாதிரி இருக்கும். எது எங்கேன்னு தேட வேண்டாம்."

"இதுவே போதும். எனக்கு வீடு கட்டத் தெரியாது. யாராவது கட்டின வீட்டுல குடி போகத்தான் தெரியும்."

கொழுந்தனின் கை பென்டிரைவ் மேலேயே நின்றது.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லை. அந்த அண்ணியும் இதையேதான் சொன்னாங்க. ஆறு வருஷம் முன்னாடி. இதே மேஜையில. இதே வார்த்தை."

"சும்மா அளக்காதீங்க."

"சத்தியமா." பிறகு தலையை உதறிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினான். அடிமூடி திறந்ததும் தூசி வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது. தேங்காய் எண்ணெய். விசிறியின் இறக்கைகளில் ஒரு தலைமுடி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம்.

அவளுக்குக் கழுத்தோடு வெட்டிய முடி.

"அண்ணியோடதுதான்" என்றான் கொழுந்தன் மெதுவாக. அவள் அதைக் குப்பையில் போடத்தான் நினைத்தாள். ஆனால் பேச்சுவாக்கில் விரலில் மோதிரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள்.

பழைய டிஸ்க்குக்குப் பதிலாக வாங்கிய புது எஸ்.எஸ்.டி. டிரைவ் சின்ன சோப்புப் பெட்டி கனம்கூட இல்லை. "இதுக்குள்ள சுத்துற சக்கரம், முள் எதுவும் கிடையாது. சத்தமே வராது. பழசு ஐநூறு ஜிபி, இது ஆயிரம்" என்றான்.

இந்த வேலையைக் கொழுந்தன் நூறு தடவை செய்திருக்கிறான். அவன் வழக்கம் ஒன்றுதான். பழைய டிஸ்க் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும். புதியதை வெளிப்பெட்டியில் மாட்டி, கேபிளில் இணைப்பான். உள்ளே இருப்பதை வெளியே இருப்பதற்கு அப்படியே நகலெடுப்பான். எல்லாம் முடிந்த பிறகுதான் இடம் மாற்றுவான். கண்ணைக் கட்டிவிட்டால்கூட விரல்கள் அதைச் செய்துவிடும்.

"முதல்ல புதுசை உள்ள வெச்சுப் பாருங்களேன்" என்றாள் அவள். "சரியா உக்காருதான்னு பார்த்துடலாம். பொருந்தலைன்னா அவ்வளவும் வீண் வேலைதானே?"

நியாயமாகத்தான் பட்டது. பழையதைக் கழற்றி வெளிப்பெட்டியில் போட்டான். புதியதை உள்ளே வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. பென்டிரைவிலிருந்து மின்ட்டைத் தற்காலிகமாக ஓட விட்டு, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தான். உள்ளிருந்து வெளியே. நகல் ஓடத் தொடங்கியது. இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஒன்றரை மணி நேரம். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவும்போது அவள் மனதில் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அந்தப் பதினொன்றும் இல்லாமல் போனால் ஆறு மணிக்குச் சில்லு யாரிடம் கதை கேட்பாள்? சட்டென்று குழாயைத் திருகி மூடினாள். சீ, என்ன புத்தி இது.

திரும்பி வந்தபோது கொழுந்தன் திரை முன்னால் கல்லாகச் சமைந்திருந்தான்.

"இடம் போதலைன்னு வந்து நிக்குது அண்ணி."

"ஆயிரம் ஜிபின்னு சொன்னீங்களே?"

"அதான். சின்னதுல இருந்து பெருசுக்கு ஊத்தினா எப்படி நிரம்பி வழியும்?" தான் அடித்த வரியை விரலால் தொட்டுக் காட்டினான். "பெருசுல இருந்து சின்னதுக்கு ஊத்தினாத்தான் வழியும்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. உள்ளே இருந்தது புதுசு. வெறும் காலி. அந்தக் காலியை எடுத்துப் பழசின் மேல் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை எழுதியிருக்கிறார்கள்.

"மீட்கறதுக்கு சாஃப்ட்வேர் இருக்குமே தம்பி?"

"அழிச்சதை மீட்கலாம். கிழிஞ்ச தாளை ஒட்டலாம். இது தாள் பூரா வெள்ளை அடிச்ச மாதிரி. எழுத்தே கிடையாது." இருந்தாலும் விடவில்லை. மூன்று மணி வரை என்னென்னவோ ஓட்டிப் பார்த்தான். திரையில் சைபர், சைபர், சைபர். ஐநூறு ஜிபிக்கும் சைபர்.

"தப்பு என்னோடது" என்றான். "நான்தான் செய்தேன்னு அண்ணன்கிட்ட சொல்றேன்."

"உள்ள வைங்கன்னு சொன்னது நான். சில்லு கேட்கப் போறதும் என்னைத்தான்." நாற்காலியில் உட்கார்ந்தாள். "சிஸ்டத்தைப் போடுங்க தம்பி. கைகட்டி உக்காந்திருந்தா பயமா இருக்கு."

புது டிரைவில் மின்ட் ஏறத் தொடங்கியது. மொழி கேட்டது, தமிழ் என்றான். ஊர் நேரம் கேட்டது, கொடுத்தான். பிறகு ஒரு திரை வந்து நின்றது. மேலே பெரிய எழுத்தில்: நீங்கள் யார்?

"பேர் போடுங்க அண்ணி."

அவள் 'வாலு' என்று அடித்தாள். அவள் அம்மா வைத்த செல்லப் பெயர். அம்மா வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் பத்து மணிக்குப் போன் செய்து, "என்னடி வாலு, உயிரோட இருக்கியா?" என்று ஆரம்பிப்பாள். இந்த வீட்டில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கடவுச்சொல்லாக அம்மாவின் போன் நம்பரைப் போட்டாள்.

கால் மணி நேரத்தில் முடிந்தது. பென்டிரைவைப் பிடுங்கி, மறுபடி இயக்கினான். பத்தே விநாடி. சத்தமில்லாமல் திரை மலர்ந்தது. நடுவில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

குருவி.

கொழுந்தன்தான் முதலில் பேசினான். "நீங்க வேற அடிச்சீங்கல்ல?"

"வாலுன்னு அடிச்சேன். நீங்க பார்த்துட்டுதானே இருந்தீங்க?"

அம்மாவின் நம்பரை அடித்துப் பார்த்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு. மூன்றாவது தடவை அவள் விரல்கள் தாமாகவே எதையோ அடித்தன. நீளமான ஏதோ ஒன்று, தயங்காமல். பழக்கப்பட்ட வீட்டில் இருட்டிலும் சுவிட்சைப் போடுகிற மாதிரி.

திறந்தது. நடுத்திரையில் ஒரே ஒரு ஃபோல்டர். 'சில்லுவுக்கு.'

கொழுந்தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "பாஸ்வேர்ட் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலை. கை அடிச்சுடுச்சு."

"இது காலி டிரைவ் அண்ணி. இன்னைக்குக் காலையில கவரைப் பிரிச்சேன். இதுக்குள்ள அந்த ஃபோல்டர் வர வழியே கிடையாது."

அவள் திறந்தாள். கதை 1, கதை 2, கதை 3... எண்ணிக்கொண்டே போனாள். பதினொன்றும் இருந்தன. அதற்குக் கீழே கதை 12.

அப்போதுதான் இருவருக்கும் அது கேட்டது. சக்கரமும் முள்ளும் இல்லாத அந்த டிரைவின் பக்கமிருந்து, மெல்ல. டிக்... டிக்... கிர்ர்.

"கொடுங்க, கழட்டிடறேன்" கொழுந்தன் பதறினான். "எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து போடறேன். போனது போகட்டும். அண்ணன் திட்டட்டும், சில்லு அழட்டும். எங்கேயிருந்து வந்ததுன்னே தெரியாததை வீட்டுல வெச்சுக்க வேண்டாம்."

அவன் சொல்வது சரி என்று அவளுக்கும் தெரிந்தது. அழித்துவிட்டு உண்மையைச் சொன்னால், ஃபிரிட்ஜோடு பேசுகிற பெண் இனி ஃபிரிட்ஜோடும் பேச மாட்டாள். அவ்வளவுதான் நடக்கும். அந்த அவ்வளவைத்தான் அவளால் தாங்க முடியாது.

வெளியே கார் வந்து நின்றது.

"மூடியை மாட்டுங்க தம்பி" என்றாள்.

"அண்ணி..."

"மாட்டுங்கன்னா மாட்டுங்க. குழந்தை வர்ற நேரம்."

அவன் பத்து ஸ்க்ரூக்களில் ஒன்பதை முடுக்கினான். பத்தாவதைக் கீழே போட்டுவிட்டு, தேடாமலேயே கிளம்பினான். வாசலில் அண்ணனிடம்கூட நின்று பேசவில்லை.

ஆறு மணிக்குச் சில்லு ஈரத் தலையோடு மேஜைக்கு வந்தாள். திரை பத்து விநாடியில் மலர்ந்ததைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். எண்ணிப் பார்த்தாள். "பன்னெண்டு இருக்கு" என்றாள் ஃபிரிட்ஜிடம். பிறகு பன்னிரண்டை அமுக்கிவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தாள்.

முதலில் ஒரு இருமல். பிறகு குரல்.

"ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாளாம். அவளுக்குத் தன் வீடு ரொம்பப் பழசாயிடுச்சு. நடந்தா தரை முனகும், கதவு பல்லைக் கடிக்கும். ஒருநாள் பக்கத்துல ஒரு புது வீடு வந்துச்சு. பெரிய வீடு. ஆனா காலி வீடு. அம்மா எட்டிப் பார்த்தா. 'யார் நீங்க?'ன்னு வீடு கேட்டுச்சு. அம்மா தன் பேரைச் சொன்னா. கதவு திறந்துச்சு..."

சமையலறை வாசலில் நின்ற அவள் காது கொடுத்துக் கேட்டாள். இது குருவியின் குரல் இல்லை. பதினொரு கதைகளையும் ஒன்றரை வருடம் சமையலறையிலிருந்து கேட்டவள் அவள். அந்தக் குரல் மெல்லியது, கடைசியில் உடையும். இது உடையாத குரல். போனில் பதிவான தன் குரலைக் கேட்டிருக்கிறாள், நன்றாகத் தெரியும்.

இது அவளுடைய குரல்.

சில்லு தலையைத் தூக்கினாள். ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை. செருப்பு அலமாரியைப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக நேரே அவள் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா" என்றாள்.

மறுக்க வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் குழந்தை ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. ஈரத் தலை வயிற்றில் அழுந்தியது. எத்தனை நாள் ஏங்கிய கனம் அது.

"என்னடா தங்கம்" என்றாள். அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதே இல்லை. விரலைப் பார்த்தாள். சுற்றியிருந்த முடியைக் காணோம். அது இருந்த இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் நல்லபடியாகவே போயிற்று. புத்தகம் ஒரே விநாடியில் திறந்தது. செவ்வாயன்று தையல் ஊசி தேவைப்பட்டது. அலமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் கை விட்டு எடுத்தாள். அங்கே டப்பா இருப்பது தனக்கு எப்படித் தெரியும் என்று ஊசியில் நூல் கோக்கும்போதுதான் யோசித்தாள். புதனன்று பிழை திருத்தியவள் பேனாவை இடது கையில் பிடித்திருந்தாள். கணவன் வாசற்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் சந்தோஷமும் இருந்தது. "குருவி" என்றான் மெதுவாக, சோதித்துப் பார்க்கிறவன் மாதிரி.

"ம்?" என்று திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை கொழுந்தன் போன் செய்தான். "அண்ணி, ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு இன்ஸ்டால் பண்ணும்போது என்ன பேர் அடிச்சீங்க?"

அவள் யோசித்தாள். நாக்கு நுனியில் இருந்தது. குறும்பான ஏதோ ஒரு சின்னப் பெயர். "என் பேர்தான் தம்பி" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை. மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. சில்லு அவள் மடியில் உட்கார்ந்து, தோளைத் தொடுமளவு வளர்ந்துவிட்ட அவள் முடியைப் பின்னிக்கொண்டிருந்தாள். ஒரே வாரத்தில் இப்படி வளருமா என்று யாரும் கேட்கவில்லை.

பத்து மணிக்குப் போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. யார் இப்படிப் பதிந்து வைத்தது? அவளுக்கு அம்மா ஏது? பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாளே.

எடுத்தாள்.

"என்னடி வாலு, உயிரோட இருக்கியா?"

"யாருங்க வேணும்?"

எதிர்முனை சிரித்தது. "விளையாடாதடி. அம்மா பேசறேன்."

"நம்பரைச் சரியாப் பார்த்துப் போடுங்கம்மா. இங்க வாலுன்னு யாரும் இல்லையே."

"குரல் உன் குரல்தானேடி... வாலு? ஏய், வாலு..."

பாவமாக இருந்தது. மெதுவாகத்தான் வைத்தாள். காதுக்குப் பின்னால், மண்டைக்குள் எங்கேயோ, டிக்... டிக்... கிர்ர் என்றது. இப்போதெல்லாம் அது பழகிவிட்டது.

"யாரும்மா?" என்றாள் சில்லு, பின்னலை விடாமல்.

"தெரியலைடா தங்கம். யாரோ ஒரு அம்மா. பெண்ணைத் தொலைச்சுட்டுத் தேடறாங்க போலிருக்கு."